கூப்பிடும் பெயர்

எங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், ஆரோக்கியமேரி என்ற பெயர் இல்லாத வகுப்பைக் காண்பது அரிது. வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவின் அடைக்கலத்தில் வாழும் தஞ்சைத் தரணியில் இது வியப்பன்று. ஒரே வகுப்பில் மூன்று ஆரோக்கியமேரிகள் அமைந்துவிட்டால், பதிவேடு அவர்களை முதலெழுத்தால் பிரித்துக் காட்டும்: ஏ. ஆரோக்கியமேரி, எல். ஆரோக்கியமேரி, எஸ். ஆரோக்கியமேரி. ஆனால் விளையாட்டுத் திடலில் பந்தை வீசும்போது, "எல். ஆரோக்கியமேரி, பிடி!" என்று எவரும் கூவுவதில்லை. அங்கே ஒருத்தி ஆரோ, ஒருத்தி மேரி, மூன்றாமவள் வல்லத்திலிருந்து பேருந்தில் வருவதால் வெறும் "வல்லம்". பதிவேட்டுப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் வேறொன்று என்று ஆகிவிடுகிறது. இந்தக் கூப்பிடும் பெயர் எங்கிருந்து வருகிறது? அதைத் தீர்மானிப்பவர் யார்? அழைப்பவரா, அழைக்கப்படுபவரா? இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறியும் தொல்லை நமக்கு மட்டும் வந்ததன்று. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற நம் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஒரு நீண்ட பட்டியல் உண்டு. கோயில் பணிக்கென்று சோழ நாட்டின் பல ஊர்களிலிருந்தும் அழைத்து வரப்பட்ட 400 பெண்களின் பட்டியல் அது. ஒவ்வொருத்திக்கும் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரே பெயர் பலருக்கு வருகிறது. ஊரும் வீட்டு வரிசையுமே அவர்களைப் பிரித்துக் காட்டுகின்றன. நெல் அளப்பவர் ஆள் மாறி அளந்துவிடக் கூடாதல்லவா? "வல்லம்" என்று நாங்கள் அழைக்கும் தோழிக்கு இதைச் சொன்னபோது, "அப்படியானால் எனக்கும் 100 கலம் கொடுங்கள்" என்றாள்.

ஊர்ப் பெயரே ஆளின் பெயராகிவிடுவது காவிரிக் கரையின் தனி வழக்கம் என்றே சொல்லலாம். சங்கீத உலகில் செம்மங்குடி என்றால் ஓர் ஊரன்று, சீனிவாச ஐயர். உமையாள்புரம் என்றால் மிருதங்க வித்துவான் சிவராமன். கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை (1826-1889) பிறந்தது திருச்சிப் பக்கத்துக் குளத்தூரில். ஆனால் அவர் முன்சீபாக இருந்த மாயூரமே அவர் பெயருக்கு முன்னால் ஏறிக்கொண்டது. தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதி, பெண் கல்விக்காகவும் பேனா பிடித்த அப்பெருமகனாரை இன்றும் "மாயூரம் வேதநாயகம் பிள்ளை" என்றே சொல்கிறோம்.

அந்த மாயூரத்தில்தான் நாம் சொல்ல விரும்பும் முக்கியமான நிகழ்ச்சி நடந்தது. ஆண்டு 1871. குடந்தையை அடுத்த உத்தமதானபுரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த, பதினாறு வயது நிறைந்த இளைஞர் ஒருவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயில வந்து சேர்ந்தார். அவருக்குப் பெற்றோர் முறைப்படி வைத்த பெயர் வேங்கடராமன். ஆனால் வீட்டில் யாரும் அப்படி அழைப்பதில்லை. சுவாமிமலை முருகனை நினைத்துச் சாமிநாதன் என்பார்கள். அதையும் சுருக்கிச் "சாமா" என்பார்கள். புதிய மாணவருடைய பெயரைக் கேட்டறிந்த ஆசிரியர், வீட்டில் அழைக்கும் வேறு பெயர் ஏதேனும் உண்டா என்று வினவினார். சாமிநாதன் என்று விடை வந்தது. அப்படியே அழைக்கலாம் என்று ஆசிரியர் கூற, மாணவரும் மகிழ்ந்து இசைந்தார். ஆசிரியர் சைவப் பற்று மிகுந்தவர்; முருகன் பெயர் அவர் செவிக்கு இனித்திருக்கும் என்பது நம் ஊகம். அன்று முதல் வேங்கடராமன் என்ற பெயர் மறைந்தது. பிற்காலத்தில் சீவக சிந்தாமணியையும் சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் ஏட்டுச் சுவடிகளிலிருந்து அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் என்ற பெயர் அப்போதுதான் உலகுக்கு வந்தது. "என் சரித்திரம்" என்ற நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆசிரியர் தமக்குப் பிடித்த பெயர் ஒன்றைத் தாமாகவே எடுத்து மாணவர்மேல் ஒட்டவில்லை. வயதிலும் புலமையிலும் அத்தனை பெரியவர், நேற்று வந்த பையனிடம் கேட்டார். பையன் தன் வீட்டிலிருந்தே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தான். கொடுத்தவனும் பெற்றவரும் சேர்ந்து முடிவு செய்த பெயர் அது.

தம் பெயரைப் பிறருடைய நாவுக்கு ஏற்றபடி தாமே மாற்றிக்கொண்டவர்களும் நம் நாட்டில் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளார் தத்துவ போதகர் ஆனார். 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். ஜான் என்ற பெயரின் மூலப் பொருளும் ஆண்டவரின் அருள் என்பதே. இத்தாலியில் 1680இல் பிறந்த கொன்ஸ்டான்சோ பெஸ்கி, தம் பெயரில் அடங்கிய உறுதி என்ற பொருளைத் தமிழில் பெயர்த்துத் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். பின்னர் நிலைத்தது வீரமாமுனிவர் என்ற பெயர். வெளிநாட்டார் வேடம் போட்டார்கள் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. வாயில் நுழையாத பெயரோடு ஒருவர் வீட்டு வாசலில் நின்றால், அந்த வீட்டுப் பாட்டி அவரை எப்படிக் கூப்பிடுவாள்? கூப்பிட முடியாதவரிடம் எப்படிப் பேசுவாள்?

வீரமாமுனிவர் தம் பெயரோடு நிற்கவில்லை. கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அங்கே நம் அன்னை அடைக்கல மாதா. கோணான்குப்பத்திலோ அன்னை பெரியநாயகி. தஞ்சைப் பெரிய கோயிலில் அம்மன் பெயரும் பெரியநாயகிதான். ஆகவே எங்கள் பள்ளியில் ஒரு பெரியநாயகி கோயிலுக்குப் போகிறாள், மற்றொரு பெரியநாயகி பூசைக்கு வருகிறாள். இருவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே டிபன் பாக்ஸில் உண்கிறார்கள். நம் தாத்தாக்களின் பெயர்களும் இப்படியே தமிழ் மண்ணில் உருண்டு தேய்ந்து வழவழப்பானவை. பேதுருவே இராயப்பர், பவுலே சின்னப்பர், யோசேப்பே சூசையப்பர், சவேரியாரே சவரிமுத்து. பண்ணை வேலை செய்த முதியவரைப் பண்ணையாரின் சிறு பிள்ளைகூட "அவன், இவன்" என்று ஒருமையில் அழைத்த காலம் இந்த நெல் நாட்டில் இருந்தது. அந்த நாளில் ஒருவருக்கு ஆரோக்கியசாமி என்று ஞானஸ்நானப் பெயர் அமைந்துவிட்டால், முழுப் பெயரையும் சொல்கிறவர் "சாமி" என்று முடித்தே ஆக வேண்டும்! 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விடும்படி தீர்மானித்ததும் இதே கவலையால்தான். நம் பதிவேட்டில் பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல், முன்னால் ஓர் எழுத்து மட்டும் நிற்பது பலர் பாடுபட்டுப் பெற்ற பலன்.

பெயரைத் தேர்ந்துகொள்வதைப் பற்றிப் பேசும்போது நம் கன்னியர் மடத்தை விட்டுவிட முடியுமா? முன்னாளில் துறவற உடை பெறும் சகோதரி தம் பழைய பெயரை விட்டுப் புதிய பெயர் ஏற்பது வழக்கம். கேரளத்துப் புனித அல்போன்சம்மாள் வீட்டில் அன்னக்குட்டி. அன்னை தெரேசாவுக்கு 1910இல் ஸ்கோப்யே நகரில் பெற்றோர் இட்ட பெயர்களுள் ஒன்று கோன்ஜா. அல்பேனிய மொழியில் பூமொட்டு என்று பொருள். வீட்டில் அப்படித்தான் அழைத்தார்கள். லொரேட்டோ சபையில் சேர்ந்தபோது, சிறுமலர் என்று நாம் போற்றும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் பெயரை விரும்பினார். அந்தப் பெயரில் முன்பே ஒரு சகோதரி இருந்ததால், எழுத்துக்கூட்டலைச் சற்று மாற்றி ஸ்பானிய முறையில் எழுதிக்கொண்டார். பாருங்கள், ஆரோக்கியமேரிகளின் சங்கடம் அங்கேயும் இருந்திருக்கிறது! 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பல சபைகளில் சகோதரிகள் தங்கள் ஞானஸ்நானப் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். சிலர், இத்தனை ஆண்டு இந்தப் பெயரில்தானே ஜெபித்தோம் என்று விடாமல் வைத்துக்கொண்டார்கள். இரண்டுமே அழகுதான்.

சின்னப்பரைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நம்மில் பலர் தவறாக எழுதுவது ஒன்றுண்டு. தமஸ்கு நகர் வழியில் மனந்திரும்பியவுடன் ஆண்டவர் சவுலைப் பவுல் என்று மாற்றினார் என்று எழுதுகிறோம். திருத்தூதர் பணி நூலை ஊன்றிப் படித்தால் அப்படி இல்லை. மனமாற்றத்துக்குப் பிறகும் பல பக்கங்கள் வரை அவர் சவுல்தான். பதின்மூன்றாம் அதிகாரத்தில், சைப்ரஸ் தீவில் உரோமை ஆளுநர் முன்னிலையில் நிற்கும்போதுதான் சவுல் என்னும் பவுல் என்று வருகிறது. அவருக்கு இரு பெயர்களும் உண்டு. எபிரேயரிடையே ஒன்று, உரோமையரிடையே ஒன்று. வீட்டில் அம்மு, பள்ளியில் அமலோற்பவமேரி என்று இருப்பவளுக்கு இது நன்றாகப் புரியும். அம்மு பொய்யுமன்று, அமலோற்பவமேரி நாடகமுமன்று.

எழுத்தாளர்களின் புனைபெயர்களும் இந்த வகையைச் சேர்ந்தவையே. மாயூரத்துப் பக்கம் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தியைக் கல்கி என்றால்தான் நமக்குத் தெரியும். சங்கீத விமரிசனம் எழுதும்போது அவரே "கர்நாடகம்". ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எஸ். ரங்கராஜன், பத்திரிகையில் ஏற்கெனவே ஒரு ரங்கராஜன் இருந்ததால் மனைவியின் பெயரைக் கடன் வாங்கிச் சுஜாதா ஆனார். அவர் ஆணா பெண்ணா என்று வாசகர் பலர் குழம்பினார்கள். இவர்களைவிட எங்கள் மனத்தைத் தொட்டவர் டாக்டர் திரிபுரசுந்தரி. திருச்சி மாவட்டத்திலிருந்து சென்னைக்கு மருத்துவம் படிக்கச் சென்ற பெண். படிப்புக்குப் பணம் போதவில்லை. ஆனந்த விகடனில் கதை எழுதி, அந்தச் சன்மானத்தில் படித்தார். கதைகளுக்கு வைத்துக்கொண்ட பெயர் லக்ஷ்மி. பகலில் பிணவறையில் கத்தி பிடித்த திரிபுரசுந்தரியும், இரவில் விடுதி விளக்கடியில் பேனா பிடித்த லக்ஷ்மியும் ஒருவரே. 1984இல் சாகித்திய அக்காதெமி பரிசு "ஒரு காவிரியைப் போல" என்ற அவருடைய நாவலுக்குக் கிடைத்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் தாமே விரும்பி எடுத்த பெயர்கள், அல்லது கேட்டுப் பெற்ற பெயர்கள். இனி நம் வகுப்பறைக்கு வருவோம். இங்கே பட்டப்பெயர் என்றொரு சரக்கு தாராளமாகப் புழங்குகிறது. அதை யாரும் யாரையும் கேட்டு வைப்பதில்லை. (ஆசிரியைகளுக்கு மாணவியர் வைத்திருக்கும் பெயர்களும் உண்டு. அவற்றை இம்மலரில் அச்சிட மதர் அனுமதிக்க மாட்டார்கள்.)

எங்கள் விடுதியில் ஒருத்தி திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். வந்த வாரத்தில், "எங்க ஊர்ல இப்ப நாத்து நடவு, அம்மா அங்கதான் நிப்பாங்க" என்று சொல்லிக் கண் கலங்கினாள். அன்றிலிருந்து அவள் "நாத்து". அரையாண்டுத் தேர்வு வரை எங்களில் பலருக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது. விடுமுறையில் ஒரு தோழி அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நாத்து இருக்காளா?" என்று கேட்டாள். எடுத்தவர் அவள் அப்பா. "நாத்து வயல்ல இருக்கு பாப்பா. உனக்கு யாரு வேணும்?" என்றார். தோழிக்கு அப்போதுதான் உறைத்தது: சொல்ல அவளுக்கு வேறு பெயர் தெரியவில்லை.

இந்தக் கதையை விடுதியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாத்தும் சிரித்தாள். பிறகு ஒரு நாள் இரவுப் படிப்பு முடிந்து படுக்கை விரிக்கும்போது அவள் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் கூப்பிட்டா எனக்கு எங்க வயல் ஞாபகம் வருது. அவங்க கூப்பிட்டா என் கால்ல சேறு இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். பெயர் ஒன்றே, வாய்தான் வேறு. சிலர் அதை அன்பாகச் சொன்னார்கள். சிலர் அதைச் சொல்லி மூக்கைப் பிடித்தார்கள். ஆகையால், இந்தப் பட்டப்பெயர் நல்லதா கெட்டதா என்று பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. யார், எங்கே, யார் முன்னிலையில் அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. விடுதியில் இனிக்கும் பெயரை, ஆண்டு விழாவுக்கு வந்த தாய் தந்தையர் எதிரே உரக்கக் கூவினால் கசந்துவிடும். நிறத்தைக் குறிக்கும் பெயர், பல்லைக் குறிக்கும் பெயர், திக்குவாயைக் குறிக்கும் பெயர், அப்பா செய்யும் தொழிலைக் குறிக்கும் பெயர் ஆகியவற்றுக்கு எந்த வாயும் இனிமை தர முடியாது என்பது எங்கள் எண்ணம். "சும்மா விளையாட்டுக்குத்தானே!" என்பார்கள். விளையாட்டென்றால் இருவரும் ஆட வேண்டும்.

பட்டப்பெயரே கூடாது என்று சொல்லிவிடவும் முடியாது. ஏனெனில் நம் ஆண்டவரே அதை வைத்திருக்கிறார். சீமோனுக்குப் பாறை என்று பெயர் வைத்தார். யாக்கோபும் அருளப்பரும் கொஞ்சம் முன்கோபக்காரர்கள். அவர்களை இடியின் மக்கள் என்று அழைத்தார். அதில் ஒரு புன்னகை ஒளிந்திருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது. சைப்ரஸ் ஊர் யோசேப்பு ஒருவருக்குத் திருத்தூதர்கள் பர்னபா, அதாவது ஊக்கமூட்டுபவர், என்று பெயர் வைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் யோசேப்பு என்பதே இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? சீமோன் பாறை என்ற பெயரைப் பெற்றபோது பாறையாகவா இருந்தார்? பிறகுகூட, சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்தவர் அவர். இருந்தும் அவரை யாரும் "மறுதலித்த இராயப்பர்" என்று கூப்பிடவில்லை. அவர் ஆகப்போவதைப் பார்த்து வைத்த பெயர் நிலைத்தது.

தோமையாருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. விவிலியத்தில் அவருக்கு இருக்கும் மறுபெயர் திதிமு, இரட்டையர் என்பது மட்டுமே. ஆனால் உலகம் அவருக்குச் "சந்தேகத் தோமையார்" என்று பட்டம் கட்டிவிட்டது. அவர் சந்தேகப்பட்டது எத்தனை நாள்? எட்டு நாள். அதன் பிறகு உயிர்த்த ஆண்டவரைக் கண்டு அவர் சொன்ன விசுவாச மொழிக்கு ஈடான மொழி நற்செய்தி நூலில் வேறு யார் வாயிலும் வரவில்லை. கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து, மயிலாப்பூரில் உயிர் கொடுத்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிவரும் மரபு. அத்தனைக்குப் பிறகும், இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த எட்டு நாட்களே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன! நாங்கள் வகுப்பில் வைக்கும் பெயர்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஒருத்தி ஒரு நாள் மேடையில் வசனத்தை மறந்தாள். ஒருத்தி மழையில் வழுக்கி விழுந்தாள். ஒருத்தி கணக்கில் ஒரு முறை பூஜ்யம் வாங்கினாள். அந்த ஒரு நாளைப் பிடித்து ஐந்து வருடம் அவள் முதுகில் ஒட்டிவிடுகிறோம்.

நாத்து இப்போது எங்களோடு பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். "அவங்க" என்று அவள் சொன்னவர்களிடம் அவளே போய், தன்னைச் சொந்தப் பெயரால் அழைக்கும்படி கேட்டுக்கொண்டாள். ஒரு மாதம் கேலி நடந்தது, பிறகு நின்றது. எங்கள் இருவருக்கு மட்டும் பழைய பெயரைச் சொல்ல அனுமதி உண்டு, அதுவும் விடுதிக்குள். அவளுடைய சொந்தப் பெயரை இங்கே நாம் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவள் சொன்னாள்.

பெற்றோருக்கு ஒரு சொல். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன்னால் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கும்படி பள்ளியிலிருந்து கேட்பார்கள். அதை மகளிடம் கொடுத்து, எழுத்துக்கு எழுத்து அவளையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரும் முதலெழுத்தும் பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும், ஞானஸ்நானச் சீட்டில் வேறாகவும், ரேஷன் கார்டில் மூன்றாவதாகவும் இருக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். மதிப்பெண் சான்றிதழில் அச்சேறிய பிறகு பெயரை மாற்ற வேண்டுமானால், விண்ணப்பம் எழுதி, கட்டணம் கட்டி, அரசிதழில் வெளியிட வேண்டிவரும். வீட்டில் எத்தனை ஆசையாய் அம்மு என்று கூப்பிட்டாலும், அரசிதழ் அலுவலகத்தில் அம்மு செல்லாது.